இரண்டாவது குளிசை

இத்ரூஸை நல்ல மனிதர் என்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது. கெட்டவர் என்றும் சொல்ல முடியாது. மாத்தளையிலிருந்து வந்து லக்கலயில் கருவாட்டுக் கடை போட்டவர். நிறையில் ஏமாற்றியதாக ஒருவரும் சொன்னதில்லை. மனைவி ஸுலைஹா கடைக்கு வருகிறவர்களோடு சிரித்துப் பேசினால் மட்டும் அவருக்குத் தாங்காது. கடைக்கும் அவள் சமைக்கும் குசினிக்கும் இடையே சாக்குகளைத் தைத்துத் திரையாகத் தொங்கவிட்டிருந்தார். சிரிப்பு அதைத் தாண்டியும் வந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டில் மலேரியா மறுபடி பரவியபோது ஸுலைஹாவுக்கும் ஒருநாள் விட்டு ஒருநாள் குளிர்காய்ச்சல் வந்தது. மலேரியா ஒழிப்பு வேலையிலிருந்த சண்முகராஜா என்ற மாத்தளை டவுன் இளைஞன் அவள் விரலில் குத்தி இரத்தம் எடுத்துப் போனான். மலேரியாதான் என்று தெரிந்ததும் இரண்டு வகைக் குளிசைகளோடு வந்தான்.

“பெரிய குளிசை ரத்தத்துல இருக்கிற கிருமிய கொல்லும். மூணு நாள்ல காய்ச்சல் நின்னுடும். ஆனா கொஞ்சம் கிருமி ஈரல்ல போய் படுத்துக்கும். அத இந்தச் சின்னக் குளிசைதான் கொல்லும். ரெண்டு வாரம் போடணும். ரெண்டும் சேர்ந்தாத்தான் மருந்து, இத்ரூஸ் நானா.”

“மூணு நாள்ல நின்னா பொறகு என்னத்துக்கு ரெண்டு வாரம்?” என்றார் இத்ரூஸ்.

“அதான் சொன்னேனே, ஈரல்ல...” அவன் திரைப் பக்கம் திரும்பினான். “அக்கா, வெறும் வயித்துல போட்டுடாதீங்க. வயித்தெரிச்சல் வரும். நானே தெனமும் வந்து குடுக்கிறேன்.”

கருவாடு வாங்க நின்ற அப்துல் ஸமத் சும்மா இருக்கவில்லை. “நானாவுக்கு வயித்தெரிச்சல் குளிசை இல்லாமலே ஈக்குது, தம்பி!”

திரைக்குப் பின்னால், அந்தக் காய்ச்சலிலும், ஸுலைஹா சிரித்துவிட்டாள்.

ஸமத்தின் கேலியை இத்ரூஸ் மறந்திருப்பார். அந்தச் சிரிப்பை மறக்க முடியவில்லை. பொறாமைப்படுகிறவன் சான்று தேடி அலைவதில்லை. காதில் விழுவதெல்லாம் அவனுக்குச் சான்றுதான். வயிற்றெரிச்சல் என்று சண்முகராஜா மருந்தைச் சொல்லவில்லை, தன்னைத்தான் குத்தினான் என்று எடுத்துக்கொண்டார். சின்னக் குளிசை, வீட்டுக்கு வந்துபோக அவன் கட்டிய கதை என்றும் முடிவு செய்தார்.

சொன்னபடியே காய்ச்சல் நின்றது. மறுநாள் சண்முகராஜா சைக்கிளை நிறுத்துவதற்குள் இத்ரூஸ் வாசலுக்கு வந்துவிட்டார்.

“மிச்சத்த என்கிட்ட தாங்க. என் பொஞ்சாதிக்கி நான் குடுத்துக்கிறேன்.”

அவன் நம்பிக் கொடுத்தான். இத்ரூஸ் பொட்டலத்தை அடுப்பில் போட்டார். “இனி மருந்து தேவல்லையாம். அவன்தான் செல்லிட்டுப் போறான்,” என்றார் மனைவியிடம்.

சில வாரங்களில் குளிர் திரும்பி வந்தது. வீட்டிலிருந்த துணியெல்லாம் போர்த்தியும் ஸுலைஹாவின் நடுக்கம் அடங்கவில்லை. இத்ரூஸே தேடிப் போய் சண்முகராஜாவை அழைத்து வந்தார். அவன் குழம்பிப் போனான்.

“சின்னக் குளிசைய முழுசா போட்டுமா திரும்பிச்சு? அப்ப இந்த மருந்து அக்காவுக்குப் புடிக்கல போல. வேற பாக்கணும்.”

“சின்னதா?” ஸுலைஹாவுக்குப் பற்கள் அடித்துக்கொண்டன. “அது தேவல்லன்னு நீங்கதானே செல்லிட்டுப் போனீங்க?”

சண்முகராஜா இத்ரூஸைப் பார்த்தான்.

அவன் பொய் சொல்கிறான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவன் பேச்சை ஸுலைஹா இனி நம்பமாட்டாள். இத்தனை நாளாக இத்ரூஸ் ஆசைப்பட்டதும் அதற்குத்தான். ஆனால் அவனை நம்பாதவள் அவன் தரும் குளிசையை மட்டும் எப்படி விழுங்குவாள்?

“அவரு செல்லல்ல,” என்றார் இத்ரூஸ். “நான்தான் அடுப்புல போட்டேன்.”

இரண்டு குளிசைகளும் மறுபடி முதலிலிருந்து தொடங்கின. இத்ரூஸ் தண்ணீர்க் கோப்பையை நீட்டினார். ஸுலைஹா கை நீட்டவில்லை.

“வச்சிட்டுப் போங்க. அவரு தரட்டும், குடிக்கிறேன்.”

அதன்பின் அவளுக்குக் காய்ச்சல் வரவில்லை. இத்ரூஸ் அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னார். சண்முகராஜாவுக்குச் சொல்ல மட்டும் கடைசிவரை அவருக்கு வாய் வரவில்லை.