கிறிஸ்துமஸ் வில்லனுக்குப் பம்பை

இன்று சாயங்காலம் உத்திரமேரூரில் எங்கள் சபையின் கிறிஸ்துமஸ் நாடக ஒத்திகை. கெட்ட ராஜா மேடைக்கு வரும் பாட்டுக்கு இசை என் பொறுப்பு.

புது ராஜா பிறந்துவிட்டார் என்று கேள்விப்பட்டு, சிம்மாசனம் போய்விடுமோ என்று நடுங்கும் ராஜா, அந்தப் பயத்தில் பச்சைக் குழந்தைகளை வெட்டச் சொல்லும் பாட்டு. கீபோர்டில் வாசித்தேன். ராஜாவாக நடிக்கும் ஏகாம்பரம் அண்ணன் தெருக்கூத்தில் வேஷம் கட்டுகிறவர். முகம் சுளித்தார்.

"இன்னாப்பா இது, மாப்ள அழைப்பு மாதிரி கீது. வில்லன்னா பம்பை வேணும்."

மாரியம்மன் கோயிலில் பம்பை அடிக்கும் தன் மச்சானை அவரே கூட்டி வந்தார். மச்சான் அடித்தார் பாருங்கள், எனக்கே புல்லரித்தது.

வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பூக்கடை கன்னியம்மா அக்காவுக்குச் சாமியே வந்துவிட்டது. தலைமுடி அவிழ, நேராக ராஜாவிடம் போனார்.

"பச்சப் புள்ளிங்கள வெட்டுவியாடா?"

"நாடகம் தாயே."

"வெட்ட மாட்டேன்னு சத்தியம் பண்ணு."

சபையில் கற்பூரத்துக்கு எங்கே போவது? பாஸ்டரே ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி நீட்டினார். அண்ணன் கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டு, மெழுகுவர்த்திச் சுடரின் மேல் அடித்துச் சத்தியம் செய்தார். சாமி மலையேறியது. அக்கா ஒரு சோடா குடித்துவிட்டுக் கடையைப் பார்க்கப் போனார்.

"சரிண்ணே, வெட்டச் சொல்ற வசனத்த சொல்லுங்க" என்றேன்.

"இன்னா, வெளாடிக்கினு கீறியா? அம்மாகிட்ட சத்தியம் பண்ணிட்டேன். ஊர்ல குடியிருக்க வேணாமா?"

நாளைக்கு நாடகம். குழந்தைகளைத் தொடாமல் அரண்மனைக்குத் திரும்பிப் போகும் ராஜா வேதத்தில் எந்த அதிகாரத்தில் வருகிறார்? தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். பாஸ்டரும் தேடிக்கொண்டிருக்கிறார்.