கை தூக்காத மனுசி

முதலிலேயே சொல்லிப்போடுறன், நான் நூல் கட்டிறது, பார்வை பார்க்கிறது எண்டு திரியிற ஆளில்லை. ஒப்பரேசனுக்கு முதல்நாள் இவர் லா சப்பல் கோயிலில இருந்து ஒரு நூல் கொண்டுவந்து கட்டேக்கையும், மனுசன்ர மனம் நோகப்படாதெண்டுதான் கையை நீட்டினனான். வில்லியே லே பெல்லில எங்கட கட்டடத்து மேல்மாடியில ஆளில்லாத வீட்டுக்குள்ள ஆரோ நடக்கினம் எண்டு சனம் கதைக்க, அது தண்ணிக்குழாய்ச் சத்தமெண்டு சண்டை பிடிச்சதும் நான்தான். ஆனபடியா நீங்கள் சிரிக்கிறதெண்டா சிரியுங்கோ, உங்கட இடத்தில இருந்தா நானும் சிரிச்சிருப்பன்.

ஒப்பரேசன் எண்டது வலப்பக்க மார்பை எடுத்தது. அதை இவருக்கும் மகளுக்கும் தவிர ஒருத்தருக்கும் சொல்லேல்லை. எங்கட தமிழ்க் கடையள் இருக்கிற லா சப்பலில ஒரு கடையில சொன்னா, நாங்கள் அடுத்த கடைக்கு முருங்கைக்காய் வாங்கப் போகமுதல் கதை அங்கை போய் நிக்கும், பிறகு எல்லாற்ற கண்ணும் அந்த இடத்திலதான் நிக்கும். காயம் ஆறிச்சுது, ஆனா கக்கத்தடியில இருந்து விலா வரைக்கும் விறைச்சுப்போச்சு. பல்லுப் பிடுங்க ஊசி போட்டா கன்னம் எப்பிடி இருக்கும், அப்பிடித்தான், கிள்ளினாலும் தெரியாது. பிறகு பார்த்தா அந்த விறைப்பு உள்ளுக்கையும் போயிட்டுது. மகள் சோதனை பாஸ் பண்ணினாள், சந்தோசம் வரேல்லை. ஊரில மாமி செத்தா, கண்ணீர் வரேல்லை. இவர் றெஸ்ரோறன்ட் வேலை முடிஞ்சு வந்து "சாப்பிட்டனீரே" எண்டு கேட்டா ஓம் எண்டுவன், சாப்பிட்டனோ இல்லையோ எண்டு எனக்கே தெரியாது.

கை பழையபடி மேல எழும்பவேணுமெண்டா ஏதாவது விளையாட்டுக்குப் போ எண்டு ஆஸ்பத்திரியில பயிற்சி குடுக்கிற பிள்ளை சொன்னாள். அப்பிடித்தான் லா சப்பலில இருக்கிற அந்த வாள்விளையாட்டுச் சங்கத்துக்குப் போனன். லாபத்துக்கு நடத்திறேல்லை, அந்தச் சுற்றுவட்டாரப் பொம்பிளையளுக்கெண்டு சனிக்கிழமை காலையில சும்மா சொல்லிக்குடுக்கினம், வெள்ளை உடுப்பு, கம்பிவலை முகமூடி, வாள் எல்லாம் வருசம் முடியும்வரைக்கும் இரவல். நாற்பத்தேழு வயசில வாளைப் பையில போட்டுக்கொண்டு றெயினில வாறன், இவர் பார்த்திட்டு "ஆரை வெட்டப் போறீர்" எண்டு பகிடி விட்டார்.

அங்கை ஒரு முறை இருக்கு. பெரிய போட்டியளில வயர் கொழுவி, வாள் பட்டா லைற் எரியுமாம். எங்கட வகுப்பில அதெல்லாம் இல்லை, அடி பட்ட ஆள்தான் வெறுங்கையைத் தூக்கி "துஷே", பட்டிட்டுது எண்டு ஒத்துக்கொள்ளவேணும். அடிச்ச ஆள் வாய் திறக்கப்படாது. ஐஞ்சு தரம் பட்டா ஆட்டம் முடிஞ்சுது, இரண்டு பேரும் வாளை முகத்துக்கு நேர தூக்கி வணக்கம் வைச்சிட்டுத்தான் போகவேணும். படிப்பிக்கிற பிள்ளையை மெத்ர் எண்டு கூப்பிடுவம், அவள் இந்த முறையில மட்டும் சரியான கண்டிப்பு.

இப்ப உங்களுக்கு விளங்கியிருக்கும். மார்புக்கு நேர பிளாஸ்டிக் கவசம் இருக்கு, அதில பட்டா டக்கெண்டு கேக்கும், கை தூக்கிப்போடுவன். கக்கத்துப் பக்கம் பட்டா எனக்கு என்ன தெரியும்? வழக்கமா என்னோட ஆடுறது பிலோமினா அக்கா, தபால் கந்தோரில வேலை செய்து பென்சன் எடுத்த பாண்டிச்சேரி மனுசி. ஒருநாள் முகமூடியைக் கழட்டிப்போட்டு எல்லாருக்கும் முன்னால கேட்டா.

"வதனி, அந்தப் பக்கம் மூணு வாட்டி பட்டுச்சு. ஒரு வாட்டியாவது கையத் தூக்குனியா? இதுலயும் பொய் சொன்னா அப்புறம் எதுக்கும்மா வர்றே?"

எனக்கு வெக்கமாப் போச்சு. பொய்க்காரி எண்டு என்னை ஒருத்தரும் சொன்னதில்லை. இல்லை எண்டு சொல்லவேணுமெண்டா ஒப்பரேசனைச் சொல்லவேணும், அதுக்கும் வாய் வரேல்லை. பிறகு ஒருத்தரும் என்னோட சோடி சேரேல்லை. சரி, விட்டுப்போடுவம், அடுத்த சனிக்கிழமை எல்லாரும் வரமுதல் போய் உடுப்பைக் குடுத்திட்டு வருவம் எண்டு முடிவெடுத்தன்.

அண்டைக்கு நான் போகேக்க காவல்காரர் அப்பதான் மண்டபத்தைத் திறந்துவிட்டிட்டு வாசல் கூட்டிக்கொண்டு நிண்டார். உள்ளுக்கு வந்தா, மண்டபத்தின்ர அங்கால் தொங்கலில, சுவரோட ஒரு மனுசி முழு உடுப்போட, முகமூடியோட நிக்கிறா. என்னைக் கண்டதும் வாளைத் தூக்கி வணக்கம் வைச்சா. வணக்கம் வைச்ச ஆளைத் திருப்பி வணங்காமல் போகேலாது, அதுகும் அங்கத்தைய முறைதான், அதால பையைத் திறந்து எல்லாத்தையும் போட்டுக்கொண்டு போய் நிண்டன்.

நான் நல்லா ஆடுறவளில்லை. ஆனா அண்டைக்கு அவவின்ர தோளில பட்டுது, வயித்தில பட்டுது, நெஞ்சில பட்டுது. வாள் வில்லு மாதிரி வளைஞ்சதை என்ர இரண்டு கண்ணாலயும் பார்த்தன். அவ ஒருக்காலும் கை தூக்கேல்லை. எனக்குக் கோவம் வரேல்லை, பாவமாக் கிடந்தது, ஐயோ இவவும் என்னைப்போலயோ, இவவுக்கு உடம்பு முழுக்க விறைச்சிட்டுதோ எண்டு நினைச்சன். அப்ப அவ ஒரு எட்டு முன்னுக்கு வந்தா, வாள்நுனி என்ர வலது கக்கத்தடியில வந்து தொட்டுது.

தெரிஞ்சுது. சத்தியமாத் தெரிஞ்சுது. பிரிஜ்ஜுக்குள்ள இருந்து எடுத்த கரண்டியை வைச்ச மாதிரி ஒரு குளிர். என்ர இடக்கை தானா மேல போச்சுது, துஷே எண்டு சொல்லேக்க அழுதுபோட்டன், மாமிக்கு அழாததும் சேர்த்து அழுதன். கண்ணைத் துடைக்க முகமூடியைக் கழட்டினன். முன்னால ஒருத்தரும் இல்லை.

வாசலில குளிர்க்கோட்டோட பிலோமினா அக்கா நிக்கிறா. "யாரோட விளையாடிக்கிட்டிருந்தே? செவுத்தப் பாத்து ஏன் கையத் தூக்குறே?" எண்டு கேட்டா. சாமான் அறைக் கதவை இழுத்துப் பார்த்தன், பூட்டு, திறப்பு மெத்ரிட்ட. வேற வாசல் இல்லை. காவல்காரரைக் கேட்டா, என்னைத் தவிர ஒருத்தரும் உள்ளுக்குப் போகேல்லை எண்டார். அந்த இடத்தில இருந்துகொண்டு அக்காவிட்ட ஒப்பரேசனை முழுக்கச் சொன்னன். அவ கனநேரம் என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு இருந்தா. "எங்கிட்ட ஏம்மா சொல்லல, நான் கண்டபடி பேசிட்டேனே" எண்டா. அதுக்குப் பிறகு அந்தப் பக்கம் பட்டா அவவே சொல்லுவா, நான் கை தூக்குவன், மெத்ரும் சரி எண்டிட்டாள். சங்கத்தை நான் விடேல்லை, இண்டைக்கும் போறன்.

இதோட முடிஞ்சிருந்தா நானும் மண்டைப் பிழை எண்டு விட்டிருப்பன். டொக்டர் ஊசியால குத்திப் பார்த்தா, அந்தப் பக்கம் முழுக்க விறைப்பு, வாள் பட்ட இடம் மட்டும், ஒரு யூரோக் காசளவுக்கு, உணர்ச்சி இருக்கு. நரம்பு அப்பிடித்தான் திரும்பி வரும் எண்டா. சரி, இருக்கட்டும். ஆனா மார்கழியில கார் து நோர் ஸ்ரேசனில இருந்து வீட்டை போற றெயினில, சனம் நெருக்கின நெருக்கில, அதே இடத்தில அதே குளிர். என்ர இடக்கை தானா மேல போச்சுது, பக்கத்தில நிண்டவன் என்னவோ கேக்கிறன் எண்டு பார்த்தான். பிறகு ஒருநாள் குசினியில லீக்ஸ் வெட்டிக்கொண்டு நிக்கேக்க. போன மாதம் பொபினி ஆஸ்பத்திரியில ஸ்கானுக்குக் காத்துக்கொண்டு இருக்கேக்க. ஸ்கானில ஒண்டுமில்லை, நல்ல சுகம் எண்டினம்.

மண்டபத்தில பட்டதோட சேர்த்து நாலு. ஐஞ்சுக்கு இன்னும் ஒண்டுதான்.

அண்டைக்கு அவ போகேக்க வணக்கம் வைக்கேல்லை. வணக்கம் வைக்காட்டி ஆட்டம் முடியேல்லை. நான் அவவைத் தொட்டது ஒண்டுக்கும் அவ கை தூக்கேல்லை, அப்ப அவவின்ர கணக்கில எனக்கு இன்னும் ஒண்டுமே இல்லை. இவருக்கு இது தெரியாது. எனக்குப் பயமோ எண்டு கேட்டா, இருக்கவேணும், அதுகும் கொஞ்சம் விறைச்சுப்போய்த்தான் கிடக்கு. வந்ததில இருந்து நான் ஏன் மடியில இடக்கையை வலக்கையால அமத்திப் பிடிச்சுக்கொண்டு இருக்கிறன் எண்டு நீங்கள் பார்க்கிறியள், நான் கவனிச்சனான். அதுக்குத்தான்.