மடியில் தொங்கிய உண்ணி

உண்ணியைப் போல ஈனப் பிறவியை நான் பார்த்ததில்லை. கொசுவாவது குடித்துவிட்டுப் பறந்துவிடும். இது லாலான் புல் நுனியில் முன்னங்கால்களை விரித்துக்கொண்டு, சோறு தண்ணி இல்லாமல் மாதக்கணக்கில் காத்துக் கிடக்கும். மாடு உரசிப் போனால் தொற்றிக்கொள்ளும். மெல்லிய தோலாகத் தேடிப் போய் வாயைச் செருகும். நிறையும்வரை விடாது.

ஜப்பான்காரன் காலத்தில் லாபு ஊர்ப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் இருந்தேன். புருஷனை சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துப் போய்விட்டார்கள். மரவள்ளிக்கிழங்கையே தின்று எனக்குப் பால் வற்றிவிட்டது. ஆறு மாதப் பிள்ளை உயிரோடு இருந்தது எங்கள் ஒற்றைப் பசுவின் பாலில்தான். அந்தப் பசுவின் மடியில்தான் உண்ணிகள் ஆமணக்கு விதை கணக்காக ஊதித் தொங்கின. பால் நாளுக்கு நாள் குறைந்தது.

பிடுங்கினேன். உடம்பு கையோடு வந்தது. வாய் தோலுக்குள்ளேயே நின்று சீழ் வைத்தது. பிடுங்கியதையெல்லாம் கொட்டகையிலேயே வீசினேன், முட்டாள். குடித்து முடித்த பெட்டை உண்ணி கீழே விழுந்து முட்டையிடத்தான் காத்திருக்கிறது என்று அப்போது யார் கண்டது? சில வாரத்தில் முன்னைவிட அதிகமாக ஏறின.

உண்ணிக்குத் தடவ மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை. பக்கத்து வீட்டு அக்கா, தோட்டத்து ஸ்டோரில் ஆசிட் ஊற்றி ரப்பர்ப் பாலை உறைய வைக்கும் வேலை செய்தவள். ஸ்டோரை மூடியபோது அந்த ஆசிட்டில் ஒரு சாடி எடுத்து வைத்திருந்தாள்.

"தண்ணியில கலக்கித் தேய்ச்சு விடு தங்கச்சி. வருசக்கணக்கா நம்ம கையெல்லாம் அதுலதான் கெடந்துச்சு, செத்தா போயிட்டோம்?"

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஸ்டோரில் ஊற்றும் அளவு இந்தச் சனியன்களுக்கு எங்கே போதும் என்று, ஆத்திரத்தில் நாலு மடங்கு ஊற்றினேன். தேங்காய் நாரால் மடியை அழுத்தித் தேய்த்தேன். உண்ணிகள் பொலபொலவென்று உதிர்ந்தன. ஒவ்வொன்றையும் கல்லில் வைத்து நசுக்கினேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

மறுநாள் மடி வெந்து கொப்பளித்திருந்தது. விரல் பட்டாலே பசு உதைத்தது. காலைக் கட்டிப் பீய்ச்சினேன். சீழும் ரத்தமும்தான் வந்தன. தோட்டத்தில் வேறு கறவை இல்லை. கிழங்குக் கஞ்சியை வடித்துப் புகட்டியதில் பிள்ளைக்கு வயிற்றால் போனது. அக்காவை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அளவைக் கூட்டியது நான்தான்.

பத்தாம் நாள் பிள்ளை போய்விட்டான். புதைத்துவிட்டு வந்து, மாட்டை அடிக்கத் தடியோடு கொட்டகைக்குப் போனேன். புண்ணின் ஓரத்தில் புதிதாக ஒரு உண்ணி குடித்துக்கொண்டிருந்தது. அதன் எச்சில் தோலை மரத்துப்போகச் செய்துவிடும், வலி தெரியாது. என் கை பட்டால் உதைத்த மாடு, அதற்கு அசையாமல் நின்று கொடுத்துக்கொண்டிருந்தது.