விளக்குக்கு வராத குஞ்சுகள்

வெள்ளிக்கிழமை காலை ஹென்டர்சன் நிலையத்தில் ரயிலுக்காக நின்றிருந்தேன். யோகேஸ்வரி அக்காவின் மகள் கைபேசியில் அழைத்தாள். "அம்மா போயிட்டா, ஆன்ட்டி." எப்போதும் ஆங்கிலத்தில் பேசுகிற பெண் அன்று தமிழில் சொன்னாள்.

அக்கா யாழ்ப்பாணத்துக்காரர், நான் மதுரைக்காரி. ஆக்லாந்தில் ஒரே ஆய்வுக்கூடத்தில் பக்கத்துப் பக்கத்து மேசை. சிப்பி ஓட்டைத் துளைத்து வாழும் கடற்புழுக்களும், கடலில் தூசிபோல் மிதக்கும் அவற்றின் குஞ்சுகளும்தான் எங்கள் வேலை.

குஞ்சு பொரித்ததும் கண்ணாடித் தட்டின் ஓரத்தில் விளக்கு வைப்போம். வெளிச்சத்தை நோக்கி நீந்தி வருபவற்றை எடுத்து வளர்ப்போம்; அடியில் தங்கியவற்றைக் கொட்டிவிடுவோம். அதுதான் வழக்கம். அக்கா வந்த புதிதில் நான் அப்படிக் கொட்டப் போக, கையைப் பிடித்துவிட்டார்.

"பொறும் மீனா! வெளிச்சத்துக்கு வராததெல்லாம் பழுதெண்டு ஆர் சொன்னது?"

"அது நோஞ்சான் அக்கா. நீந்தக்கூட மாட்டேங்குது பாருங்க."

"நீந்தாட்டி என்ன? அதுவும் அதே தாயின்ர பிள்ளைதானே."

நீந்தியவை மெலிந்து, நீண்ட முட்களோடு இருந்தன. கிடந்தவையோ முட்டைப்பைக்குள்ளேயே பக்கத்து முட்டைகளைத் தின்று கொழுத்தவை. வேறு இனம் கலந்துவிட்டது என்று நான் சாதித்தேன். அக்கா விடவில்லை. ஒரே ஒரு தாய்ப்புழுவைத் தனியே வைத்து, விளக்கே காட்டாமல் இரண்டு வகையையும் வளர்த்துக் காட்டுவதாகச் சொன்னார். ஆய்வுக் கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். "சிரிக்கட்டும், புழுவுக்கு வெக்கமில்லை" என்று எனக்கும் ஒரு கோப்பை தேத்தண்ணி ஊற்றினார். அப்படி ஒரு பிடிவாதம்!

முதல் முயற்சியில் தண்ணீர் கெட்டு எல்லாம் செத்துப்போயின. மறுபடி ஆரம்பித்தார். அந்தத் தட்டில் குஞ்சுகள் பொரித்த வாரம் நோய் அவரை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிட்டது. நான் பார்க்கப் போனால் தன் வலியைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

"என்ர தட்டைப் பாத்தனீரோ? ஒண்டையும் கொட்டிப்போடாதையும்."

"மாட்டேன் அக்கா. நீங்க வந்து பாருங்க."

அவர் வரவில்லை.

தகனம் முடிந்து, வீட்டில் குளித்துவிட்டு நேரே ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். நுண்ணோக்கியில் பார்த்தேன். மேலே மெலிந்தவை இன்னும் நீந்திக்கொண்டிருந்தன. அடியில் கொழுத்தவை ஒவ்வொன்றும் சேற்றுத்துகளைச் சேர்த்துத் தனக்கொரு குழல் கட்டி, இரண்டு உணர்கொம்புகளையும் வெளியே நீட்டி இரை தேடிக்கொண்டிருந்தது. ஒரே தாயின் இரண்டு வகைப் பிள்ளைகள்; அக்கா பார்க்க ஆசைப்பட்டது இதைத்தானே! பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. அழுதுவிட்டேன்.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, புதிய கடல்நீர் மாற்றினேன்.

ஒன்றையும் கொட்டவில்லை, அக்கா. நிம்மதியாகப் போய் வாருங்கள்.