கறுப்பு நூல் கட்டிய கேசட்

எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு காலத்தில் கம்ப்யூட்டர் கேம்ஸ் கடை இருந்தது என்று சொன்னால் இப்போது யாரும் நம்புவதில்லை. ஆரணியிலா, எண்பதுகளிலா என்று கேட்கிறார்கள். ஏன், ஆரணி என்ன கடலுக்கு அடியிலா இருக்கிறது என்று நானும் திருப்பிக் கேட்பேன். பலகையில் கம்ப்யூட்டர் என்று பெரிதாக எழுதியிருந்ததே தவிர, அந்த அறையில் கம்ப்யூட்டர் எது என்று எழுதினவருக்கும் தெரியாது, எழுதச் சொன்ன என் கணவருக்கும் தெரியாது. ஒரு கலர் டிவி, அதோடு ஒயர் போட்ட ஒரு கறுப்புப் பெட்டி, பெட்டியில் செருகுவதற்கு ஏழெட்டு கேசட், கையில் பிடித்து ஆட்டுவதற்கு இரண்டு ஸ்டிக். தறியில் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு விட்டுப்போன மனிதர், மெட்ராஸ் போய் இதையெல்லாம் வாங்கி வந்து பிழைப்பை மாற்றிக்கொண்டார்.

மற்ற நாட்களில் கூட்டம் சுமார்தான். அமாவாசை வந்துவிட்டால் முன்னறையில் கால் வைக்க இடம் இருக்காது. அன்றைக்கு எங்கள் பக்கம் தறி ஓடாது. தெருவில் உள்ள நெசவாளிகள் குளித்து, படையல் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு, வெற்றிலையை மென்றுகொண்டு வந்து உட்கார்ந்துவிடுவார்கள். மீசை நரைத்தவர்கள்கூட நாக்கைத் துருத்திக்கொண்டு விமானம் சுடுவார்கள். நான் உள்ளே அடுப்படியில் இருந்துகொண்டு யார் செத்தார்கள், யார் பிழைத்தார்கள் என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன்.

வருடத்தின் நல்ல கேம் எது, மட்டமான கேம் எது என்று பொறுக்கும் பழக்கத்தைத் தொடங்கியவர் என் கணவர்தான். மார்கழி அமாவாசையன்று கேசட்டுகளை ஒரு பலகையில் வரிசையாக அடுக்கி வைப்பார். வருகிறவர்கள் தறியில் மிஞ்சின பட்டு நூலில் சிவப்பு ஒரு துண்டு, கறுப்பு ஒரு துண்டு கொண்டுவர வேண்டும். பிடித்ததன் மேல் சிவப்பு, பிடிக்காததன் மேல் கறுப்பு. சிவப்பு அதிகம் விழுந்த கேசட்டுக்குப் பொங்கலன்று சந்தனம், குங்குமம் வைத்து டிவியின் தலைமேல் ஏற்றுவார். கறுப்பு அதிகம் விழுந்ததை அந்த நூலாலேயே சுற்றிக் கட்டிவைத்து, போகியன்று விடியற்காலையில் கிழிந்த பாயோடு சேர்த்துக் கொளுத்துவார். ஊரில் இது பெரிய பேச்சாகிவிட்டது.

குற்றம் கண்டுபிடிக்க எங்கள் ஆட்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஒரு புடவையைக் கையில் வாங்கினால் விரித்துப் பார்ப்பதற்கு முன்பே நாலு குறை சொல்லும் கூட்டம். கேமுக்கும் அதே பார்வைதான். பழம் தின்கிற வாய் ஓடும் கேமை, "ஆட்டம் கீது, ஆனா கலர் ஒட்டல, மஞ்சளு வெளுத்துப் போயிகீது" என்று ஒருவர் தள்ளுவார். தவளை ரோட்டைக் கடக்கும் கேமில் ரோட்டின் ஓரம் ஜரிகை மாதிரி மின்னுகிறது என்று இன்னொருவர் சிவப்பு நூலைப் போடுவார்.

என் தம்பி அப்போது சிங்கப்பூரில் கப்பல் கட்டும் இடத்தில் வேலையில் இருந்தான். போன நாளிலிருந்து அவனுக்கு அங்கே ஒட்டவில்லை. தெருமுனைப் பட்டுக்கடைக்குப் போன் செய்து என்னைக் கூப்பிடச் சொல்வான். ஒரே கேள்விதான். "மாமாவ கேட்டியாக்கா?" மாமாவோடு கடையில் சேர்ந்துகொள்ள வேண்டும் என்பது அவன் ஆசை. மெஷின் பழுது பார்க்கத் தெரிந்த பையன், அவரும் ஒண்டியாக அல்லாடுகிறார், சேர்த்துக்கொண்டால் என்ன என்று எனக்கும் இருந்தது. என் கணவரோ மச்சான் என்றாலே உதட்டைப் பிதுக்குவார். அந்த வருடம் தம்பி ஊருக்கு வந்த ஆள் ஒருவரிடம் ஒரு கேசட் கொடுத்தனுப்பினான். அங்கே யாரோ ஆடிவிட்டுக் கொடுத்த பழைய கேசட், எப்படி ஆடுவது என்று ஒரு தாள்கூட வரவில்லை. மாமாவுக்குப் பிடிக்கும் என்று மட்டும் சொல்லியனுப்பியிருந்தான்.

நான் விடாமல் நச்சரித்ததில் என் கணவர் ஒரு வார்த்தை கொடுத்தார். "உன் தம்பி அனுப்புன கேமுக்கு சிவப்பு வுழட்டும். அப்பறம் அவன வரச் சொல்லு, கூட்டு சேத்துக்கறேன்." தை பிறந்ததும் தம்பி அங்கே இன்னும் சில வருடங்களுக்கு வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. அதற்குள் தெரிந்துவிடும் என்று நான் சந்தோஷப்பட்டேன்.

கேசட்டைப் போட்டால் ஓர் அறை வரும். நடுவில் ஒரு தொப்பிக்காரன் நிற்பான். கீழே ஒரு பையில் சாவி, கயிறு என்று என்னென்னவோ இருக்கும். ஸ்டிக்கை எந்தப் பக்கம் ஆட்டினாலும் பையில் உள்ள சாமான்கள் மாறுமே தவிர, தொப்பிக்காரன் ஓர் அடி எடுத்து வைக்கமாட்டான். ஆட வந்தவர்கள் கெஞ்சிப் பார்த்தார்கள், பெட்டியைத் தட்டிப் பார்த்தார்கள், கடைசியில் அவனுக்கு வேலையத்தவன் என்று பெயர் வைத்தார்கள். "இன்னாங்க, உங்க மச்சான் மாதிரியே நின்னுகினு கீறான்" என்று ஒருவர் சொல்ல, கடையே சிரித்தது. என் கணவர் சிரித்ததுதான் எனக்குச் சுருக்கென்றது.

அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. ஒரு ஆள் ஆடும் கேமுக்கு ஒரு ஸ்டிக்தான். சும்மா கிடந்தால் யாராவது திருகி உடைத்துவிடுவார்கள் என்று இரண்டாவதைக் கழற்றி மேசை டிராயரில் பூட்டிவிடுவார். இரண்டு பேர் சேர்ந்து ஆடும் கேம் என்றால்தான் அது வெளியே வரும். திரையில் நிற்பவன் ஒருவன், அதனால் ஸ்டிக்கும் ஒன்று. கணக்கு நியாயமாகத்தான் தெரிந்தது.

அமாவாசைக்கு முந்தின நாள் மத்தியானம் அவர் நெல் அரைக்க ரைஸ்மில்லுக்குப் போயிருந்தார். பொங்கலுக்கு வீட்டை ஒழித்துக்கொண்டிருந்த நான் ஆணியில் தொங்கிய சாவியை எடுத்து டிராயரையும் திறந்து தட்டித் துடைத்தேன். துடைத்த ஸ்டிக் வேலை செய்கிறதா என்று பார்க்கப் பெட்டியில் செருகினேன். உள்ளே கிடந்தது தம்பியின் கேசட். ஸ்டிக்கைத் தொட்டதும் தொப்பிக்காரன் நடந்தான்.

மற்ற ஸ்டிக்கையும் எடுத்து ஆட்டிப் பார்த்தேன். ஒரு ஸ்டிக் பைக்கு, இன்னொன்று அவனுடைய காலுக்கு. இரண்டையும் ஒரே ஆள் ஆட்ட வேண்டும். சம்மணம் போட்டு உட்கார்ந்து இரண்டையும் தொடைக்கு ஒன்றாக இடுக்கிக்கொண்டேன். கல்யாணத்துக்கு முன்பு தறியில் உட்கார்ந்தவள் நான், வலது கை ஒரு வேலை, இடது கை ஒரு வேலை என்பது எனக்குப் பழகினதுதான். கதவு திறந்தது, கிணற்றில் இறங்கினான், மலை ஏறினான். நெல்லோடு அவர் திரும்பியபோது நான் ஒன்றும் தெரியாதவள் போல ஒட்டடை அடித்துக்கொண்டிருந்தேன். மறுநாள் எல்லார் முன்னாலும் காட்ட வேண்டும், சிரித்த வாயெல்லாம் அடைக்க வேண்டும் என்று இருந்தது எனக்கு.

மறுநாள் கறுப்பு நூல் தம்பியின் கேசட் மேல்தான் குவிந்தது. அவர் எடுத்துச் சுற்றிக் கட்டத் தொடங்கினார். நான் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு முன்னறைக்கு வந்தேன். ஆண்கள் கூட்டத்தில் நான் வந்து நின்றதே அவர்களுக்குப் புதுசு. "கொஞ்சம் இருங்க, அத ஒரு வாட்டி போடுங்க" என்றேன். நானே டிராயரைத் திறந்து, இரண்டாவது ஸ்டிக்கைச் செருகி உட்கார்ந்தேன்.

தொப்பிக்காரன் நடந்ததும் பின்னால் இருந்தவர்கள் எழுந்து எட்டிப் பார்த்தார்கள். நான் அவனை மலைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய், அங்கே இருந்த புதையல் பெட்டியைத் திறக்கவைத்துவிட்டுத்தான் எழுந்தேன். "யம்மா, இத்தினி நாளா எங்கம்மா இருந்தே?" என்றார் ஒரு பெரியவர். அவரே என் கணவரைப் பார்த்து, "இன்னாப்பா, கடய நீ நடத்துறியா, அது நடத்துதா?" என்று கேட்டார். கூட்டம் சிரித்தது. முந்தின சிரிப்பைவிட இது பெரிய சிரிப்பு. என் கணவர் மட்டும் சிரிக்கவில்லை. விட்ட இடத்திலிருந்து கறுப்பு நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டார்.

"பொறுக்கினது பொறுக்கினதுதான்," என்றார். "அறுத்து எறக்குன பொடவய மறுபடி தறியில ஏத்த முடியுமா?"

கூட்டம் கலைந்து போனது. போகிக்கு நாள் இருந்தது, மனம் மாறுவார் என்று காத்திருந்தேன். ஒருநாள் பிற்பகல் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தபோது முன்னறையில் டிவி ஓடும் சத்தம் கேட்டது. கதவிடுக்கில் பார்த்தேன். நூலை அவிழ்த்துக் கேசட்டைப் போட்டு, இரண்டு ஸ்டிக்கையும் மடியில் வைத்துக்கொண்டு அவர் ஆடிக்கொண்டிருந்தார். தொப்பிக்காரன் சுவரில் முட்டி முட்டி நின்றான். அவருடைய நெற்றியெல்லாம் வேர்வை. என்னைப் பார்த்ததும் சட்டென்று அணைத்துவிட்டார்.

அந்த நேரத்தைத்தான் நான் இன்றுவரை நினைத்து வருந்துகிறேன். குடத்தை இறக்கிவைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, இந்தக் கை இதற்கு, அந்தக் கை அதற்கு என்று சொல்லியிருந்தால் என் மானம் போயிருக்காது. அவருக்கும் ஒருவேளை அதுதான் வேண்டியிருந்ததோ என்னவோ. சிரித்தாரே என்கிற கோபம் எனக்கு அப்போது ஆறியிருக்கவில்லை. குடத்தோடு உள்ளே போனேன். போகியன்று அவர் கேசட்டைத் தீயில் போட்டபோது தெருவில் பிள்ளைகள் மேளம் அடித்தார்கள். கருகின பிளாஸ்டிக் நாற்றம் வீட்டுக்குள் வந்து, பொங்கல் பானை பொங்கும்வரை போகவில்லை.

தம்பி போன் செய்தபோது, கேம் எடுபடவில்லை என்று மட்டும் சொன்னேன். சரிக்கா என்றான். அங்கேயே கையெழுத்துப் போட்டான், அடுத்தும் போட்டான், அங்கேயே ஒரு பெண்ணைப் பார்த்துக் கல்யாணம் ஆகி வீடும் ஆகிவிட்டது. எங்கள் கடையும் நிலைக்கவில்லை. பிறகு அந்த முன்னறையில் விசைத்தறிதான் ஓடியது.

நெடுநாள் கழித்து அவன் குடும்பத்தோடு வந்திருந்தபோது சாப்பாட்டு நேரத்தில் பேச்சு அந்தக் கடைக்குப் போனது. "நான் அனுப்புன கேசட்டு உண்மையிலேயே அவ்ளோ மட்டமா மாமா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டான். என் கணவர் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"அதுதாம்பா எல்லாத்துலயும் நல்ல கேமு," என்றார். "உங்க அக்கா ஆடி நீ பாத்திருக்கணும்."

எங்களுக்குக் கல்யாணம் ஆனதிலிருந்து அவர் என்னை நாலு பேர் முன்னால் புகழ்ந்தது அந்த ஒரு தடவைதான். ரசம் ஊற்றக் குனிந்தவள் அப்படியே நின்றேன். தம்பி இலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் மகன் பக்கத்தில் உட்கார்ந்து எங்களுக்குப் புரியாத சிங்கப்பூர்த் தமிழில் எதையோ கேட்டுக்கொண்டிருந்தான்.

"இத அன்னிக்கே சொல்லியிருந்தா வந்திருப்பேனே மாமா," என்றான் தம்பி.