ரொட்டியும் நடையும்

இருபத்தாறு வருடம் அவள் தபால் கொடுத்தாள். மூன்றே தெருக்கள்தான், ஆனால் எல்லாம் மாடிக் கட்டடங்கள், பாதிக்கு மேல் லிஃப்ட் கிடையாது. தெருவில் அவளுக்குத் தபாலக்கா என்றுதான் பெயர். கீழ்த்தளத்தில் கணவரின் ரொட்டிக்கடை, மூன்றாவது மாடியில் வீடு. காலையில் கிளம்பும்போது சூடான பன் இரண்டை அவர் காகிதத்தில் சுற்றி நீட்டுவார். அதைச் சாப்பிட்டுக்கொண்டே பையை மாட்டுவாள்.

நாற்பத்தைந்து வயதில் உடம்பு அரிக்கத் தொடங்கியது. எல்லா நாளும் இல்லை. வெயில் என்றார்கள், தூசி என்றார்கள். சோப்பைக்கூட மாற்றிப் பார்த்தாள். ஒரு நாள் முட்டிவலிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு போனவள், நான்காவது மாடியில் உதடு வீங்கி, மூச்சுத் திணறி, கையிலிருந்த கடிதங்களோடு சரிந்தாள். கதவைத் திறந்த வீட்டுக்காரர் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதால் பிழைத்தாள்.

அங்கிருந்த டாக்டரம்மா லேசில் விடவில்லை. என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை படி ஏறினீர்கள் என்று குடைந்து குடைந்து கேட்டார். ரொட்டி கொடுத்து உட்காரவைத்தார்; ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு நாள் வெறும் வயிற்றோடு நடக்கவிட்டார், அதுவும் சரி. ரொட்டியும் கொடுத்து நடக்கவும் விட்ட அன்று, கால் மணியில் கழுத்தெல்லாம் தடித்தது.

"உங்க உடம்புல சில செல்லுங்க, அரிப்பும் வீக்கமும் உண்டாக்குற ஹிஸ்டமினை மூட்டை கட்டி வச்சிருக்கு. கோதுமை மட்டும் உள்ள போனா சும்மா இருக்கும். சாப்பிட்டுட்டு வேகமா நடந்தா மூட்டையை அவுத்துக் கொட்டிடும். வலி மாத்திரையும் சேர்ந்தா இன்னும் மோசம்."

"அரிப்பு மாத்திரை போட்டுக்கலாமா?"

"அது அரிப்பைத்தான் அடக்கும், கொட்டுறதை நிறுத்தாது. மூச்சு முட்டினா இந்த ஊசிதான். தொடையில குத்திக்கணும். யோசிக்கவே கூடாது."

பக்கத்தில் நின்ற கணவரின் முகம் சுண்டிப்போனது. "இத்தனை வருஷமா என் கையாலயே குடுத்திருக்கேனே," என்றார். மறுநாள் கடையைத் திறக்கவில்லை.

"அடுப்பை அணைச்சுட்டா எல்லாம் சரியாயிடுமா?" என்றாள். "காலையில வேணாம். சாயங்காலம் சாப்பிட்டுட்டு உட்கார்ந்துக்கறேன். போதுமா?"

அப்படியே நடந்தது. மாலையில் ஒரு பன். பிறகு நாலு மணி நேரம் அவளை நாற்காலியைவிட்டு எழ விடமாட்டார். தண்ணீர், செய்தித்தாள், எல்லாம் கைக்கு வரும். "மகாராணிக்கு வேற என்ன வேணும்?" என்பார். "இது தெரிஞ்சிருந்தா முன்னாடியே விழுந்திருப்பேனே," என்பாள்.

ஆறு வருடம் கழித்து ஒரு மாலை, அவள் பன் சாப்பிட்டு அரை மணிகூட ஆகவில்லை. அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சமையலறையில் விழுந்தார். ஆம்புலன்ஸ் வர முக்கால் மணி ஆகும் என்றார்கள். தெருக்கோடி மருந்துக்கடைக்காரரிடம் கார் இருந்தது. அவர் போனை எடுக்கவில்லை.

ஊசியைக் கையில் இறுக்கிக்கொண்டு மூன்று மாடியும் இறங்கி ஓடினாள். பாதித் தெருவிலேயே உள்ளங்கை அரித்தது. கடை வாசலில், "அவரு... மூணாவது மாடி... கதவு திறந்திருக்கு," என்று சொல்வதற்குள் நாக்கு தடித்துவிட்டது. அங்கேயே தரையில் உட்கார்ந்து, துணிக்கு மேலேயே தொடையில் குத்திக்கொண்டாள்.

இருவரையும் ஒரே காரில் கொண்டுபோனார்கள். மறுநாள் அவர் கட்டிலருகே அவளை உட்காரவைத்தார்கள்.

"ஓடினியா?" என்றார். குரலே எழும்பவில்லை.

"ஓடுவேனா? மெதுவா நடந்துதான் போனேன்."

"முகம் ஏன் இப்படி வீங்கியிருக்கு?"

"அழுதேன். அழக்கூடவா கூடாது?"

அவர் அவள் கையைத் தட்டிக்கொடுத்தார். மூன்றாம் நாள் போய்விட்டார்.

ஒரு மாதம் கழித்து டாக்டரம்மா கடிந்துகொண்டார். "உயிரே போயிருக்கும், தெரியுமா?"

"தெரிஞ்சுதாம்மா ஓடினேன்."

டாக்டரம்மா புது ஊசிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

கடையை நாத்தனார் எடுத்து நடத்தினாள். தபாலக்கா ஓய்வுபெறும்வரை அதே படிகளில் ஏறி இறங்கினாள். "சாயங்காலம் ஒண்ணு சாப்பிடலாமே அண்ணி," என்று நாத்தனார் ஒருமுறை பன்னை நீட்டியபோது வேண்டாமென்று தலையசைத்துவிட்டாள்.

"நாலு மணி நேரம் தனியா உட்கார முடியலை."