அலை வந்த வாரம்

ஆய்வுக்கூடத்தில் அவளுக்குக் காதுக்காரி என்று பெயர். எங்கோ எட்டாத தொலைவில் இரண்டு செத்த நட்சத்திரங்கள் மோதிக்கொண்டால், விண்வெளியே அலையாகச் சுருங்கி விரியும் என்கிறது சார்பியல் கோட்பாடு. அந்த அசைவு நம்மிடம் வந்து சேரும்போது அணுவின் கருவைவிடச் சிறுத்துப்போயிருக்கும். அதைப் பிடிக்கத்தான் ஆளுயரக் குழாய்கள் இரண்டு, மைல்கணக்கில் நீண்டு கிடந்தன. உள்ளே பொட்டுக் காற்று கிடையாது. லேசர் ஒளியும் அது பட்டுத் திரும்பும் கண்ணாடிகளும் மட்டும்தான். லாரி போனாலும் கருவி அதிரும், மரம் ஆடினாலும் அதிரும். இது லாரி, இது மரம் என்று பிரித்து ஒதுக்கியே அவளுக்குத் தலை நரைத்துவிட்டது.

கருவி ஒருவழியாகப் பதத்துக்கு வந்த வருஷம், காற்றை உறிஞ்சும் பம்பு ஒன்று முனகத் தொடங்கியது.

“நிறுத்திடலாம் சார்,” என்றாள் இயக்குநரிடம்.

“இப்பதாம்மா நல்லா கேக்க ஆரம்பிச்சிருக்கு. கொஞ்ச நாள் இழுத்துப் பிடிக்க முடியாதா?”

“திடீர்னு நின்னு காத்து உள்ள பூந்துச்சுன்னா கண்ணாடி அத்தனையும் பாழ். அப்புறம் தலையில துண்டைப் போட்டுக்க வேண்டியதுதான்.”

அவர் அரைமனதாகத் தலையாட்டினார். ஒரு வாரம் நிறுத்தினார்கள். அந்த வாரத்தில்தான் அலை வந்தது.

வேறு இரண்டு நாடுகளின் கருவிகளில் அது பளிச்சென்று பதிவானது. ஆனால் வானத்தில் எந்தப் பக்கம் என்று குறுக்கிச் சொல்ல மூன்றாவது கருவி வேண்டும். அது இவர்களுடையது. திசை தெரியாமல் தொலைநோக்கிகள் வானத்தைத் துழாவிக்கொண்டிருந்தபோதே மோதலின் வெளிச்சம் மங்கி அணைந்துபோயிற்று. ஒருவர் கண்ணிலும் படவில்லை.

பம்பைப் பிரித்த மெக்கானிக் விகல்பமில்லாமல் சொன்னான்: “பேரிங் தேஞ்சிருக்கு, நெசந்தான்க்கா. ஆனா இன்னும் ஒரு மாசம் தாராளமா ஓடியிருக்கும்.”

அவள் பேரிங்கை வாங்கி விரலால் சுற்றிப் பார்த்தாள்.

யாரும் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அவள் நுழைந்ததும் சாப்பாட்டு அறையில் பேச்சு சட்டென்று மழை, வெயில் என்று மாறும். “உன் இடத்துல நானா இருந்தாலும் அதையேதாம்மா செஞ்சிருப்பேன்,” என்றார் இயக்குநர், அவள் முகத்தைப் பார்க்காமல். வீட்டில் கணவர், “விடு, உன் தப்பு என்ன இருக்கு?” என்பார். அது அவளுக்கும் தெரியும். தெரிந்தும் தூக்கம் வரவில்லை.

மறு வருஷம், எதையுமே கேட்காத கருவிக்கு இனி எதற்குச் செலவு என்று மேலிடம் கைவிரித்துவிட்டது. மூடுமுன் குழாய்களுக்குள் காற்றை விட வேண்டும்.

“வேற ஆளை விடட்டுமா?” என்றார் இயக்குநர்.

“வேணாம் சார். நானே திறக்கறேன்.”

வால்வைத் திருகினாள். சீழ்க்கையாகத் தொடங்கிய சத்தம் பேரிரைச்சலானது. பக்கத்தில் நின்றவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். அவள் பொத்தவில்லை. கடைசிக் காற்றும் உள்ளே போய்ச் சத்தம் அடங்கும்வரை வால்விலிருந்து கையை எடுக்காமல் நின்றாள்.